அம்மா, அப்பாவைப் பராமரிப்பவர் அமெரிக்க வரிக் கணக்கில் எந்த நிலையைத் தேர்வது?

கசப்பான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் திருமணமானவர், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் தாக்கல் செய்கிறீர்கள் என்றால், அம்மாவை வீட்டில் வைத்து எவ்வளவு தாங்கினாலும் அமெரிக்க வரிப் படிவத்தில் உங்கள் தாக்கல் நிலை மாறப்போவதில்லை. எல்லா நிபந்தனைகளும் பொருந்தி வந்தால் 500 டாலர் வரித் தள்ளுபடி கிடைக்கும். தனியாக இருப்பவர்களுக்குக் கதை வேறு. திருமணமாகாதவர், விவாகரத்து பெற்றவர், துணையை இழந்தவர் ஆகியோர் பெற்றோரைப் பராமரித்தால் தாக்கல் நிலையே மாறலாம். 80,000 டாலர் சம்பளக்காரர் ஒருவருக்கு அந்தத் தள்ளுபடியும் சேர்த்து மூவாயிரம் டாலருக்கு மேல் மிச்சமாகும்.

இந்தியாவில் வரி கட்டிப் பழகியவர்களுக்குத் தாக்கல் நிலை என்பதே புதிதாக இருக்கும். அங்கே கணவர் கணக்கு வேறு, மனைவி கணக்கு வேறு. திருமணம் ஆனதால் வரி விகிதம் மாறுவதில்லை. அமெரிக்காவிலோ படிவம் 1040-இன் தலைப்பகுதியிலேயே ஐந்து கட்டங்கள் இருக்கின்றன: தனிநபர், தம்பதி சேர்ந்து தாக்கல், தம்பதி தனித்தனியாகத் தாக்கல், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு, குழந்தையுடன் வாழும் கைம்பெண் அல்லது மனைவியை இழந்தவர். இவற்றில் ஒன்றைக் குறித்த பிறகுதான் எத்தனை டாலர் கழிவு, எந்த வருமானத்துக்கு எத்தனை சதவீதம் என்பதெல்லாம் முடிவாகிறது. டிசம்பர் 31 அன்று நீங்கள் என்னவாக இருந்தீர்களோ, அதுதான் ஆண்டு முழுவதற்குமான நிலை. டிசம்பர் 30-இல் தாலி கட்டினாலும் அந்த ஆண்டு முழுக்க நீங்கள் திருமணமானவர்.

இந்தக் கட்டுரைக்கு வேண்டியது நான்காவது கட்டம்: ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு, அதாவது குடும்பத் தலைவர். தனியாக இருந்துகொண்டு இன்னொருவருக்காக வீடு நடத்துபவருக்கு ஓரளவு தணிந்த வரி என்பதுதான் அதன் நோக்கம். 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது வந்தது. பெரும்பாலோர் இதைப் பிள்ளை வளர்க்கும் ஒற்றைப் பெற்றோருக்கான சலுகை என்று நினைக்கிறார்கள். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கும் அது உண்டு. சொல்லப்போனால், பெற்றோர் விஷயத்தில் சட்டம் ஒரு படி கூடுதலாகவே இறங்கி வருகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

எவ்வளவு மிச்சம்?

2025-ஆம் ஆண்டு வருமானத்துக்குத் தனிநபரின் நிலையான கழிவு, அதாவது வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை, 15,750 டாலர். ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுக்கு 23,625 டாலர். வரி அடுக்குகளும் அகலம். தனிநபர் 48,475 டாலரைத் தாண்டியதுமே 22 சதவீதத்துக்கு ஏறிவிடுவார். மற்றவர் 64,850 டாலர் வரை 12 சதவீதத்திலேயே இருக்கலாம்.

80,000 டாலர் சம்பளம், வேறு கழிவு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம். தனிநபராகத் தாக்கல் செய்தால் கழிவு போக 64,250 டாலருக்கு வரி. 9,049 டாலர் வரும். ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டாகச் செய்தால் 56,375 டாலருக்கு வரி, 6,425 டாலர். வித்தியாசம் 2,624 டாலர். அம்மாவுக்கான 500 டாலர் தள்ளுபடியும் சேர்ந்தால் 3,124 டாலர். ஆண்டுதோறும் கிடைக்கக்கூடிய இந்தத் தொகையை, கட்டத்தை மாற்றிக் குறிக்கத் தெரியாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். தகுதி இல்லாமலே குறித்துவிட்டு, வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கடிதம் அனுப்பிய பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், ‘அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதை ஐ.ஆர்.எஸ். மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கேட்பதுதான். அம்மா சட்டப்படி உங்கள் டிபெண்டன்ட்தானா, அதாவது உங்களைச் சார்ந்து வாழ்பவர்தானா? டிசம்பர் 31 அன்று நீங்கள் திருமணமாகாதவர் என்ற கணக்கில் வருகிறீர்களா? அம்மா இருந்த வீட்டை நடத்தும் செலவில் பாதிக்கு மேல் உங்களுடையதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் அந்தக் கட்டம் உங்களுக்கு. முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றால் 500 டாலரோடு சரி.

முதல் கேள்வி: டிபெண்டன்ட் யார்?

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்புபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பணத்துக்கு இங்கே எந்தச் சலுகையும் இல்லை என்பது. டிபெண்டன்டாகக் காட்டப்படுபவர் அமெரிக்கக் குடிமகனாகவோ அமெரிக்காவில் வரி நோக்கில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். கனடாவிலோ மெக்சிகோவிலோ வசித்தாலும் டிபெண்டன்ட் ஆகலாம். அந்த இரண்டு அண்டை நாடுகளோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. திருச்சியில் இருக்கும் அப்பாவின் முழுச் செலவையும் நீங்களே ஏற்றாலும், படிவத்தில் அவர் பெயரை எழுத இடம் கிடையாது.

ஆக, நம்மவர்களுக்கு இந்தப் பேச்சு பெரும்பாலும் தொடங்குவது பெற்றோருக்குக் கிரீன் கார்டு வாங்கிய பிறகுதான். 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகன் மட்டுமே பெற்றோருக்கு அதை ஸ்பான்சர் செய்ய முடியும். எச்-1பி விசாவில் இருப்பவராலோ கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவராலோ முடியாது. ஸ்பான்சர் செய்யும்போது ஐ-864 என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ‘அப்பாவுக்கு நான் பொறுப்பு என்று அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன், அப்புறம் அவர் டிபெண்டன்ட் இல்லாமல் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. அது குடியேற்றத் துறையின் காகிதம். வரித்துறை அதைப் பார்த்து எதையும் தீர்மானிப்பதில்லை.

சுற்றுலா விசாவில் வந்து ஆறு மாதம் தங்கிப் போகும் பெற்றோரைப் பற்றியும் கேள்வி வரும். அமெரிக்காவில் இருந்த நாட்களை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எண்ணும் விதி ஒன்று இருக்கிறது. அடிக்கடி வந்து நீண்ட நாள் தங்குபவர் அந்த எண்ணிக்கையில் வசிப்பவராகவே ஆகிவிடலாம். 500 டாலருக்கு ஆசைப்பட்டு அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. வரி நோக்கில் வசிப்பவர் ஆகிவிட்டால் அவருடைய உலக வருமானம் முழுவதும் இங்கே கணக்கில் வரும். இந்திய வங்கிக் கணக்குகளைப் பற்றி அவர் அறிக்கை தர வேண்டிய கட்டாயமும் வரலாம்.

அடுத்தது வருமான வரம்பு. 2025-இல் பெற்றோரின் மொத்த வருமானம் 5,200 டாலருக்குக் குறைவாக இருக்க வேண்டும். 2024-இல் இது 5,050 டாலராக இருந்தது. பணவீக்கத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவர் தேறி மற்றவர் தேறாமல் போவது சகஜம்.

இங்கேதான் ஊர்ச் சொத்து காலை வாரிவிடுகிறது. கிரீன் கார்டு கிடைத்த நாளிலிருந்து உலகின் எந்த மூலையில் வரும் வருமானமும் அமெரிக்கக் கணக்கில் சேரும். அப்பாவின் பெயரில் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, வாடகை மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 4,80,000 ரூபாய். டாலர் 86 ரூபாய் என்றால் 5,581 டாலர். வரம்பைத் தாண்டியாயிற்று. ‘பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, வெள்ளையடித்த செலவு எல்லாம் போக நிகரமாக மூவாயிரம் நாலாயிரம் டாலர்தானே நிற்கிறது?’ என்று கேட்கலாம். இந்தச் சோதனைக்கு நிகரம் செல்லாது. வாடகையாகக் கைக்கு வந்த முழுத் தொகையையும், எந்தச் செலவையும் கழிக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஐ.ஆர்.எஸ். விதி. வைப்பு நிதி வட்டியும் அப்படித்தான். அதை ரூபாயாகவே வங்கியில் விட்டு வைத்திருந்தாலும் அந்த ஆண்டு வருமானம்தான்.

சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் மட்டும் விதிவிலக்கு மாதிரி நடந்துகொள்ளும். வேறு வருமானம் அதிகம் இல்லாதவருக்கு அந்தத் தொகைக்கு வரி கிடையாது. வரி இல்லாத பகுதி 5,200 டாலர் வரம்பில் எண்ணப்படாது. அதனால் ஆண்டுக்கு 14,000 டாலர் சோஷியல் செக்யூரிட்டி மட்டும் வாங்கும் அம்மா, இந்தச் சோதனையில் வருமானமே இல்லாதவராகத் தேறிவிடுவார்.

ஆனால் அதே பணம் அடுத்த சோதனையில் வேறு முகத்தோடு வந்து நிற்கும். அந்தச் சோதனை, பெற்றோரின் மொத்த வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கொடுத்தீர்களா என்பது. சோஷியல் செக்யூரிட்டிப் பணத்தை அம்மா தன் செலவுக்குப் பயன்படுத்தினால், அது அவர் தன்னைத் தானே பராமரித்துக்கொண்ட பங்காக எண்ணப்படும். வங்கியில் போட்டு வைத்தால் எண்ணப்படாது. அப்பா தன் பழைய சேமிப்பிலிருந்து எடுத்துப் பல் கட்டிக்கொண்டாலும் இதே கதைதான். சேமிப்பை எடுப்பது வருமானம் அல்ல, ஆகவே வருமான வரம்பில் வராது. அதைச் செலவழித்தால் அவருடைய பங்கில் ஏறும். வருமானச் சோதனை கேட்பது என்ன வந்தது என்று. பராமரிப்புச் சோதனை கேட்பது யார் பணம் செலவானது என்று.

பராமரிப்புச் செலவில் உணவு, உடை, மருத்துவம், போக்குவரத்து, நியாயமான பொழுதுபோக்கு எல்லாம் அடங்கும். உங்கள் வீட்டில் ஓர் அறையை அம்மாவுக்குக் கொடுத்திருந்தால், அந்த அறையை வெளியில் விட்டால் என்ன வாடகை வருமோ அதை உங்கள் பங்காகச் சேர்த்துக்கொள்ளலாம். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற இடங்களில் இந்த ஒரு தொகையே பாதியைத் தாண்ட வைத்துவிடும். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், மருத்துவமனைக்குக் கட்டிய தொகையை யார் பக்கமும் சேர்க்க வேண்டாம். அரசு உதவித்தொகையாகவோ உணவு உதவியாகவோ வருவது அரசின் பங்கு. அது உங்கள் பங்கு அல்ல.

இன்னும் இரண்டு சிறு நிபந்தனைகள். பெற்றோர் இருவரும் சேர்ந்து தாங்களாகவே ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால், பிடித்த வரியைத் திரும்பப் பெறுவதற்காக மட்டும் செய்ததாக இருந்தாலன்றி, அவர்களைக் காட்ட முடியாது. நீங்களே வேறொருவரின் டிபெண்டன்டாக இருந்தாலும் முடியாது.

இரண்டு ‘பாதி’கள்

திருமணம் பற்றிய இரண்டாம் கேள்வியைப் பின்னால் பார்க்கலாம். இப்போது மூன்றாம் கேள்விக்கு வருவோம். வீட்டை நடத்தும் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். ‘அதைத்தான் இப்போது பார்த்தோமே’ என்று தோன்றும். இது வேறு பாதி, வேறு கணக்கு. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வீட்டுச் செலவு என்றால் வாடகை அல்லது வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி, வீட்டுக் காப்பீடு, பழுது பார்ப்பது, மின்சாரம், தண்ணீர், எரிவாயு, வீட்டு வேலைக்கு வைத்த ஆளின் சம்பளம், வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட உணவு. உடை, மருத்துவம், பயணம், ஆயுள் காப்பீடு இதில் வராது. அறையின் வாடகை மதிப்பும் வராது. நீங்களே நின்று சமைத்துப் போட்ட உழைப்புக்கும் மதிப்பு இல்லை. முந்தைய பாதியில் உங்களைக் காப்பாற்றிய அறை வாடகையும் மருந்துச் செலவும் இந்தப் பாதியில் பூஜ்யம்.

ஓர் எடுத்துக்காட்டு. திருமணமாகாத மகள் டாலஸில்; அம்மா நியூ ஜெர்சியில் ஒரு சிறிய வாடகை வீட்டில். அம்மாவின் ஆண்டுச் செலவு இப்படி: வாடகை 14,400 டாலர், மின்சாரம் முதலியவை 1,800, உணவு 3,800. ஆக வீட்டுச் செலவு 20,000 டாலர். இவற்றோடு மருத்துவம் 3,600, உடையும் போக்குவரத்தும் 1,400. மொத்தம் 25,000 டாலர். அம்மா தன் சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து 11,000 டாலர் செலவழிக்கிறார். மகள் 14,000 டாலர் தருகிறார். மொத்தப் பராமரிப்பில் மகளின் பங்கு 56 சதவீதம். வேறு வருமானம் இல்லாததால் அம்மா டிபெண்டன்ட். அதில் சிக்கல் இல்லை.

இப்போது யார் எந்த பில்லைக் கட்டினார்கள் என்று பாருங்கள். அம்மா தன் காசோலை முழுவதையும் வாடகைக்குக் கொடுத்துவிட, மகள் மருத்துவம், உடை, போக்குவரத்துக்கு 5,000 டாலரும், மீதி 9,000 டாலரை வாடகைப் பாக்கிக்கும் மளிகைக்கும் மின்சாரத்துக்கும் தந்தார் என்றால், வீட்டுச் செலவில் அவருடைய பங்கு 20,000-இல் 9,000. அதாவது 45 சதவீதம். கட்டம் கைநழுவிவிட்டது. அதே 14,000 டாலரையும் மகள் வாடகைக்கும் வீட்டுச் செலவுக்குமே தந்து, மருத்துவத்தையும் உடையையும் போக்குவரத்தையும் வீட்டுச் செலவின் மீதி 6,000 டாலரையும் அம்மா தன் பணத்தில் பார்த்துக்கொண்டார் என்றால், மகளின் பங்கு 70 சதவீதம். இருவர் கையிலிருந்தும் போன தொகை மாறவில்லை. வாடகை எந்த வங்கிக் கணக்கிலிருந்து போயிற்று என்பதுதான் மாறியது. இதை ஏப்ரலில் யோசித்துப் பயன் இல்லை. முந்தைய ஜனவரியிலேயே பில்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கணக்குகளிலும் ‘பாதிக்கு மேல்’ என்றால் மேல்தான். சரிபாதி கொடுத்தவர் தேறமாட்டார்.

இந்த மகள் அம்மாவோடு ஒரே வீட்டில் இல்லையே என்று கேட்டால், சட்டம் இறங்கி வரும் அந்தப் படி இதுதான். பிள்ளையோ தம்பியோ பாட்டியோ என்றால் ஆண்டில் பாதிக்கு மேல் உங்களோடு வசித்திருக்க வேண்டும். பெற்ற தாய் தந்தைக்கு அந்த நிபந்தனை இல்லை. அவர்கள் தனி வீட்டில் இருக்கலாம், முதியோர் இல்லத்திலும் இருக்கலாம். அந்த வீடு ஆண்டு முழுவதும் அவர்களுடைய முதன்மை வீடாக இருக்க வேண்டும், அதை நடத்தும் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கட்டியிருக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் பெற்றோரை வைத்திருக்கும் செலவில் பாதிக்கு மேல் கட்டினாலும் அது வீடு நடத்தியதாகவே கொள்ளப்படும். பெற்றோர் ஆண்டின் நடுவே காலமாகிவிட்டால், அவர் உயிரோடு இருந்த காலம்வரை பார்த்தால் போதும்.

மாமனார், மாமியாருக்கு இந்த விலக்கு இல்லை. அவர்களை டிபெண்டன்டாகக் காட்டலாம். கணவர் இறந்த பிறகும் மாமியார் சட்டப்படி மாமியார்தான், விவாகரத்தானாலும் அப்படியே. ஆனால் அவரை வைத்து ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு கட்டத்தைக் குறிக்க வேண்டுமென்றால், அவர் உங்கள் வீட்டில் பாதி ஆண்டுக்கு மேல் வசித்திருக்க வேண்டும். கணவரை இழந்த பின்னும் மாமியாரைத் தன்னோடு வைத்திருக்கும் மருமகளுக்கு இது பொருந்தும். வேறு ஊரில் வீடு பிடித்துக் கொடுத்திருக்கும் மருமகளுக்குப் பொருந்தாது.

அண்ணன் தம்பி சேர்ந்து பார்த்தால்

மூன்று பிள்ளைகள், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் யாரும் தனியாகப் பாதியைத் தாண்டவில்லை. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மூவரும் சேர்ந்து பாதிக்கு மேல் கொடுத்திருந்தால், அவர்களில் பத்து சதவீதத்துக்கு மேல் கொடுத்த ஒருவர் பெற்றோரை டிபெண்டன்டாகக் காட்டிக்கொள்ளலாம். பத்து சதவீதத்துக்கு மேல் கொடுத்த மற்றவர்கள், இந்த ஆண்டு தாங்கள் காட்டமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். படிவம் 2120 இதற்குத்தான். ஆண்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளத் தடை இல்லை.

ஆனால் இந்த வழியில் டிபெண்டன்டான பெற்றோரை வைத்து ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு ஆக முடியாது. 500 டாலர் தள்ளுபடி மட்டும்தான். உடன்பிறந்தவர்களில் ஒருவர் மட்டும் திருமணமாகாதவர் என்றால், பணத்தை மூன்றாகப் பிரிப்பதைவிட அவர் ஒருவரே பாதிக்கு மேல் ஏற்று, மற்றவர்கள் வேறு குடும்பச் செலவுகளில் ஈடு செய்வது வரிக் கணக்கில் லாபம். குடும்பத்துக்குள் அது ஒத்துவருமா என்பது அவரவர் வீட்டு விஷயம்.

மனைவி ஊரில் இருக்கிறார் என்றால்

திருமணமானவருக்கும் ஒரு சிறு கதவு உண்டு, நம்மவர்களுக்குத்தான் அது அதிகம் பயன்படும். நவம்பரில் மதுரையில் திருமணம். மாப்பிள்ளை டெக்சஸ் திரும்பிவிட்டார். பெண் விசாவுக்காகக் காத்திருக்கிறார். மாப்பிள்ளையோடு கிரீன் கார்டு வாங்கிய அம்மா இருக்கிறார். மனைவி அமெரிக்க வரி நோக்கில் வெளிநாட்டவராக இருக்கும்வரை, அவரை வசிப்பவராகக் கருதும்படி நீங்கள் தேர்வு செய்யாவிட்டால், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு கணக்குக்கு நீங்கள் திருமணமாகாதவராகவே கருதப்படுவீர்கள். மனைவியைக் காட்டி அந்தக் கட்டத்தைக் குறிக்க முடியாது. அம்மாவைக் காட்டிக் குறிக்கலாம்.

குறிப்பது நல்லதா என்பது தனிக் கேள்வி. மனைவியை வசிப்பவராகக் கருதச் சொல்லி இருவரும் சேர்ந்து தாக்கல் செய்தால் 2025-இல் நிலையான கழிவு 31,500 டாலர். அவருக்கு இந்தியாவில் பெரிய வருமானம் இல்லையென்றால் பெரும்பாலும் அதுவே லாபம். அவர் அங்கே நல்ல சம்பளத்தில் இருந்தால், அந்தச் சம்பளம் முழுவதும் இந்த ரிட்டர்னுக்குள் வரும். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கணவன் மனைவி இருவரும் அமெரிக்காவிலேயே இருந்து, மனத்தாங்கலில் பிரிந்து வாழ்கிறார்கள், சட்டப்படி விலகவில்லை என்றால்? தன் பிள்ளையோடு இருப்பவருக்கு அதில் வேறு ஒரு விலக்கு உண்டு. பெற்றோரைக் காட்டி அந்த விலக்கைக் கோர முடியாது.

தேறாதவர்களுக்கு மிச்சம் இருப்பவை

வாடகை வருமானத்தால் அப்பா 5,200 டாலரைத் தாண்டிவிட்டார் என்று வையுங்கள். அவருடைய வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள்தான் கொடுத்திருக்கிறீர்கள் என்றால், அவருக்காக நீங்கள் கட்டிய மருத்துவச் செலவை உங்கள் மருத்துவச் செலவோடு சேர்த்துக் காட்டலாம். இந்த ஒன்றுக்கு வருமான வரம்பைப் பார்ப்பதில்லை. நிலையான கழிவை விட்டுவிட்டுச் செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட வேண்டும், சரிசெய்யப்பட்ட மொத்த வருமானத்தில் (சட்டம் அனுமதிக்கும் சில கழிவுகள் போக நிற்பது) 7.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதிதான் கழியும் என்பதால், பெரிய அறுவைச் சிகிச்சையோ பல் கட்டும் செலவோ வந்த ஆண்டில்தான் இது பயன்படும்.

தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் அம்மா உங்களோடு பாதி ஆண்டுக்கு மேல் வசித்து, நீங்கள் வேலைக்குப் போவதற்காக அவரைப் பகல்நேர முதியோர் மையத்தில் விடுகிறீர்கள் என்றால், அந்தக் கட்டணத்தில் 3,000 டாலர் வரைக்கும் குறிப்பிட்ட ஒரு விகிதத்தை வரியிலிருந்து கழிக்கலாம். திருமணமானவர்களுக்கும் இது உண்டு, இருவரும் வேலைக்குப் போக வேண்டும். மறதி நோய் உள்ள பெற்றோரை வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தத் தள்ளுபடி கண்ணில் படாமலே போகிறது.

500 டாலர் தள்ளுபடியைப் பற்றி இரண்டு வார்த்தை. தனிநபருக்கும் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுக்கும் 2,00,000 டாலர், தம்பதிக்கு 4,00,000 டாலர் வருமானத்துக்கு மேல் அது தேயத் தொடங்கும். கட்ட வேண்டிய வரியைக் குறைக்குமே தவிர, வரியே இல்லாதவருக்குக் கையில் பணமாக வராது. கனடாவில் வசிக்கும் பெற்றோர் டிபெண்டன்ட் ஆகலாம் என்றேன். அமெரிக்கக் குடியுரிமையோ வரி நோக்கில் அமெரிக்க வசிப்போ இல்லாத அவருக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

தாக்கல் செய்வதற்கு முன்

கட்டணம் வாங்கிக்கொண்டு வரிக் கணக்குப் போட்டுத் தருபவர் இந்தக் கட்டத்தைக் குறிக்கும்போது படிவம் 8867-ஐ நிரப்பியாக வேண்டும். உங்களைக் கேள்வி கேட்டுத் தகுதியை உறுதி செய்துகொள்ளாவிட்டால் அபராதம் அவருக்கு. ஆகவே வாடகை ரசீது, மின்சார பில், அம்மாவின் சோஷியல் செக்யூரிட்டிக் கடிதம் என்று கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். எதையும் கேட்காமல் ‘போட்டுவிடலாம் சார்’ என்பவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். அம்மா கையில் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்குச் சான்று இராது. வீட்டு உரிமையாளருக்கு உங்கள் கணக்கிலிருந்தே நேரடியாக அனுப்புங்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் மாநில ரிட்டர்னோடு எஃப்.டி.பி. 3532 என்ற தனிப் படிவத்தையும் இணைக்க வேண்டும். டெக்சஸ், ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியே இல்லாததால் அந்த வேலை மிச்சம்.

முந்தைய ஆண்டுகளில் தகுதி இருந்தும் தனிநபராகவே தாக்கல் செய்துவிட்டீர்கள் என்றால், பொதுவாகத் தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் படிவம் 1040-எக்ஸ் மூலம் திருத்திப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்தந்த ஆண்டின் வருமான வரம்பும் கழிவும் வேறு என்பதால், ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனிக் கணக்கு.